நாலு வயதுக்கு முன்னால்

ஜூன் 9

சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். ஊர் வந்து சேர்ந்தேன். ரயில் நின்று நின்று வந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பதுதான் முறை. ஆனால் முந்தாநாள்தான் கண்ணால் பார்த்தேன், நன்றாக இருக்கிறாய். கன்னம்கூடப் பூசினாற்போல் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம். வேறு எதிலும் இல்லை.

போனில் பேசினால், "அடுப்புல பால் வெச்சிருக்கேன்க்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

வாசல் மணியை அடித்தேன். கதவைத் திறந்தது யார்? வண்டு. முன்பல் இரண்டும் புதிதாக முளைத்து, பெரிய மனுஷி மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்துவிட்டு, "யாரு வேணும் ஆன்ட்டி?" என்றாள். "வண்டு" என்று கூப்பிட்டேன். தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறாள்! அப்போதுதான் நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அம்மாவோட அக்காடா. பெரியம்மாவுக்கு ஹலோ சொல்லு" என்றாய்.

ஹலோ.

நாற்பது நாள் சிசுவாக என் மடியில் போட்டுவிட்டுப் போனீர்கள். நாலு வயது நிறையப் போகும் சமயத்தில் வந்து வாங்கிக்கொண்டு போனீர்கள். உனக்கு உடம்பு சரியில்லை, நான் வளர்த்தேன், அதற்காக மாலை போடச் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் வராதே, பழகட்டும்" என்றீர்கள். வராமல் இருந்தேன். பிறகு மாப்பிள்ளைக்கு மாற்றல், தூர ஊர், வீடு சின்னது, பரீட்சை என்று வருஷத்துக்கு ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நீங்கள் என்னை ஒத்திப்போடுகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். அழித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை.

ஆல்பத்தை அவளே எடுத்துவந்து காட்டினாள். முதல் பக்கத்திலேயே பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கிறாள். "இதுக்கு முன்னாடி போட்டோ இல்லையா கண்ணு?" என்றேன். "அப்போ எங்க கேமரா ரிப்பேராம் ஆன்ட்டி" என்றாள். நாலு வருஷமா ஒரு கேமரா ரிப்பேராகும்? நான் எடுத்து அனுப்பின படமெல்லாம் எங்கே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் என்னையே மறைத்துவிட்டீர்கள். நான் பூசணிக்காயைவிடப் பருமன்.

பதில் போடு. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்ல வேண்டியது முறை. சொல்லியாயிற்று.

உன் அக்கா

*

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் இடுப்பு வலி குறைந்ததா? சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் யாரும் எதையும் அழிக்கவில்லை. பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் ஒரு டாக்டரம்மா வந்து பேசினார். மூன்று, நாலு வயதுக்கு முன்னால் நடந்தது பெரியவளானதும் எந்தக் குழந்தைக்கும் தங்காதாம். மூளை வளர்வதே அப்படித்தானாம். இதில் என் குற்றம் என்ன, உன் குற்றம் என்ன? தானாக நடப்பதுதானே.

அவளை இனி வண்டு என்று கூப்பிட வேண்டாம். நீ கூப்பிட்டதை எதிர்வீட்டுப் பையன் கேட்டுவிட்டு, பார்க்கும்போதெல்லாம் ரீங்காரம் போடுகிறான்.

அடுப்பில் வேலை இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

ஜூலை 6

சின்னவளுக்கு,

கடிதத்திலும் அடுப்பா!

இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. உனக்குத் தூக்கம் வருகிறதா? அதை எழுதவே இல்லை.

டாக்டரம்மா சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார், அல்லது பாதியைத்தான் நீ கேட்டிருக்கிறாய். சின்னக் குழந்தைக்கு நினைவே கிடையாது என்றா சொன்னார்? பேச்சு வந்த புதிதில் நம் வண்டு, போன மழைக்கு ஓடையில் அடித்துப்போன செருப்பைப் பற்றி இந்த மழைக்கு என்னிடம் நியாயம் கேட்டவள். "செப்பு போச்சு, நீ புடிக்கல." அவ்வளவு ஞாபகம் இருந்தது. இருந்தது பிறகு எங்கே போயிற்று?

நீ மூன்று வயதில் மாவு டப்பாவுக்குள் தலைகீழாக விழுந்தாய். இன்றைக்கும் கேட்டால், "அப்படியே கண்ணுக்குள்ள நிக்குதுக்கா, எல்லாம் வெள்ளையா" என்பாய். மண்ணாங்கட்டி. நம் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி உன் கண்ணுக்குள் நிற்க வைத்தாள். குழந்தைக்கு நினைவு என்பது கேட்பாரற்றுக் கிடந்தால் நிற்காது. யாராவது, "அன்னைக்கு அங்க போனோமே, என்ன பார்த்தே?" என்று கேட்க வேண்டும். அது ஒன்று சொல்லும், நாம் ஒன்று சொல்வோம், அப்படித்தான் தங்கும். பேச ஆளில்லாத பாஷை மறந்துபோகிற மாதிரிதான் இதுவும்.

நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். அதுபோதும், ரப்பரே தேவையில்லை. தானாக நடந்ததாம், தானாக!

இனிமேலாவது சொல். வண்டு என்று கூப்பிட வேண்டாம் என்றால் கூப்பிடவில்லை. என் கடிதத்தில் எழுதுவதற்கு யாரும் ரீங்காரம் போட முடியாது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஜூலை 24

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நாங்கள் நலம்.

தங்களின் இரண்டு கடிதங்களையும் படித்தேன். கடிதம் வருகிற அன்று என் மனைவி சமைப்பதில்லை, பேசுவதில்லை. சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அவள் பட்ட பாடு தங்களுக்குத் தெரியும். அதை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பில்லை.

தாங்கள் செய்த உதவியை என்றும் மறக்க மாட்டோம். ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு தாய்தான் இருக்க முடியும். குழப்பம் வேண்டாம் என்று என் பெற்றோரும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு இது. பதினெட்டு வயதானதும் உரிய முறையில் நாங்களே மகளுக்குச் சொல்லிக்கொள்கிறோம். அதுவரை கடிதம் எழுதுவதானால் என் அலுவலக முகவரிக்கு எழுதவும்.

தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

*

ஜூலை 30

மாப்பிள்ளைக்கு,

நலம். அலுவலக முகவரிக்கு எழுதச் சொன்னீர்கள், இந்த ஒன்றை எழுதுகிறேன். அடுத்தது வீட்டுக்குத்தான் வரும். என் தங்கைக்கு எழுதுகிற கடிதம் என் தங்கைக்கு.

"உதவி" என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுக்காரியின் தண்ணீர்க் குடத்தைக் கைகொடுத்து இறக்கி வைத்தால் அதற்குப் பேர் உதவி. பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் சீட் தைத்துப் பிழைக்கிறவள் நான். ஒரு கால் மிஷின் பெடலில், ஒரு கால் தூளியை ஆட்டிக்கொண்டு தைத்தேன். தவழ ஆரம்பித்ததும் தையல் மேஜைக்கடியில் ரெக்ஸின் துண்டுகளைப் பரப்பி அதில்தான் இருந்தாள். வாயால் ரீங்காரம் போட்டுக்கொண்டு மேஜைக்கடியைச் சுற்றிச் சுற்றி வருவாள், அதனால்தான் வண்டு. மேஸ்திரி முதல் வெல்டர் வரைக்கும் அவள் மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள். இதற்கெல்லாம் உதவி என்றா பேர்?

பதினெட்டு வயதில் சொல்வீர்களாமே. வாக்காளர் அட்டையோடு சேர்த்துக் கொடுப்பீர்களா, டிரைவிங் லைசென்ஸோடா? "இந்தாம்மா, உனக்கு நாலு வருஷம் பாக்கி இருந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ" என்றா?

ஒரு குழந்தைக்கு ஒரு தாய் என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நான் தாய் பட்டம் கேட்கவில்லை. இருந்தேன் என்று சொல்லச் சொல்கிறேன். அவ்வளவுதான்.

என் தங்கை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவள் அறைக்கதவைச் சாத்திவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறையுங்கள்.

உங்கள் மனைவியின் அக்கா

*

அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதத்துக்கு மேலாக எழுதவில்லை. நடுவில் நீ எழுதிய மூன்று கடிதமும் வந்தன. நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உன் பட்டறையில் சீட்டுக்கு என்ன பசை போடுவீர்கள்? அது குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகுமா?

போன வாரம் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போனார்கள். புத்தம் புது பஸ்ஸாம், சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட முழுக்கக் கிழிக்கவில்லையாம். ஏறி உட்கார்ந்தவள் முன்சீட்டின் முதுகில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டாள். இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்கவில்லை. சத்தமே இல்லாமல் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்ததாம். டீச்சர் பயந்துபோய் என்னை அழைத்தார். போய்க் கூட்டிவந்தேன். "வயிறு வலிக்குதாடா?" என்றேன். இல்லை என்றாள். "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" இல்லை. கடைசியில், "இந்த வாசனை எனக்குத் தெரியும்மா. எங்கன்னுதான் தெரியல" என்றாள். அன்றைக்கு முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் அவர். அப்படித்தான் இருக்கும்.

பசையின் பெயரை எழுது.

உன் தங்கை

*

அக்டோபர் 16

சின்னவளே,

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, நீ நன்றாக இரு.

பசைக்குப் பேர் சொல்யூஷன் என்போம். மஞ்சளாகத் தேன் மாதிரி இருக்கும். ரெக்ஸினும் அதுவும் சேர்ந்தால் வருகிற வாடை. ஒத்துக்கொள்ளாமல் போகுமாவா? அந்த வாடையில்தான் அவளுக்குத் தூக்கமே வரும். லீவு நாளில் வீட்டில் தூங்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், ஒரு ரெக்ஸின் துண்டைத் தலைமாட்டில் வைப்பேன். மூக்கை அதில் வைத்துக்கொண்டு அடங்கிவிடுவாள்.

பஸ் ஒத்துக்கொள்ளவில்லையாம்! அந்த மனுஷனுக்கு வாய் கூசவில்லையா? புத்தியிலிருந்து துடைத்துவிட்டீர்கள், மூக்கிலிருந்து துடைக்க முடியவில்லை. அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அழுகை வருகிறது, எதற்கு அழுகிறோம் என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வயிறு வலிக்கிறதா என்று கேட்கிறார்கள்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன், கேள். ஆறு மாதத்தில் அவள் கையில் இருக்கும் நூல்கண்டு உருண்டு ஃபோம் அடுக்குக்குப் பின்னால் போய்விட்டால் அத்தோடு சரி. அப்படி ஒரு பொருளே உலகத்தில் இல்லாத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். பிறகு ஒருநாள் அதே மாதிரி உருண்டது. தவழ்ந்து போய் ஃபோமுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். நான் மிஷினையே நிறுத்திவிட்டேன். கண்ணில் படாவிட்டாலும் அது எங்கேயோ இருக்கிறது என்று ஒரு ஜீவனுக்குப் பிடிபட்ட நாள் அது. அந்த வாரத்திலிருந்துதான் நான் எழுந்துபோனால் அழவும் தொடங்கினாள். அதற்கு முன்னால் நான் போனால், நான் இல்லை. இப்போது போனால், எங்கேயோ இருக்கிறேன், வரவில்லை. அழாமல் என்ன செய்வாள்?

மூன்று வயதில் ஒருநாள் மதியம் கண்ணை இறுக மூடிக்கொண்டு மேஜைக்கடியில் படுத்திருந்தாள். தூக்கமா என்றேன். "கண்ணுக்குள்ள பஸ் ஓடுது" என்றாள். "என்ன கலரு?" "செவப்பு." "எத்தனை பேரு உக்காந்திருக்காங்க?" "இரு, எண்ணிக்கிட்டிருக்கேன்." மேஸ்திரி சிரித்த சிரிப்பில் வெல்டர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்து என்ன என்று கேட்டான். எதிரில் இல்லாததைக் கண்ணுக்குள் வரைந்து அதில் ஆளையும் எண்ணுகிறது அந்தப் பொடிசு!

இதெல்லாம் நடந்தது. இதைக் கேட்க அவளுக்குப் பாத்தியதை இருக்கிறது. நீ எதற்குப் பயப்படுகிறாய்? அதையாவது நேராக எழுது. வெயிலில் அலையாதே.

உன் அக்கா

*

நவம்பர் 19

அக்காவுக்கு,

நலம்.

நேராக எழுதச் சொன்னாய். எழுதுகிறேன், முழுக்கப் படி.

உன்னிடம் நாலு வருஷமும் அப்படியே இருக்கிறது. நூல்கண்டு, சிவப்பு பஸ், செருப்பு எல்லாம் இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது? பிரசவ வார்டில் தலைக்கு மேல் சுற்றிய ஃபேன் ஞாபகம் இருக்கிறது. பிறகு இவரோடு காரில் வந்து உன் வாசலில் இறங்கியது ஞாபகம் இருக்கிறது. சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு ஒரு குழந்தை நின்றது. இதுதான் உன் மகள் என்றார்கள். நடுவில் ஒன்றுமில்லை. பிள்ளையைக் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டேன் என்று நான் கிடந்தேனாம், அதுவும் பிறர் சொல்லித்தான் தெரியும். மாத்திரை கொடுத்தார்கள். தலையில் கரண்ட் வைத்தார்கள், பல தடவை. அதில் குணமானேன், பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் மறதி இருக்கும் என்றார்கள். கொஞ்சம்!

பாப்பாவுக்கு நாலு வயதுக்கு முன்னால் எதுவும் ஞாபகமில்லை. அவளுடைய நாலு வயதுக்கு முன்னால் எனக்கும் எதுவும் ஞாபகமில்லை. நானும் அவளும் ஒரே நாளில் தொடங்கியவர்கள். அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அதைத்தான் நீ பிடுங்க வந்திருக்கிறாய்.

சொல்லு சொல்லு என்கிறாய். எதை வைத்துச் சொல்வேன்? எல்லாமே உன் சரக்கு. ஜூனில் வந்தவள் என் சமையலறையில் நின்றுகொண்டு, "இவளுக்குப் பால்ல ஆடை இருந்தா ஆகாதே" என்றாய். நான் ஊற்றிய பாலை நீ வடிகட்டினாய். என் வீட்டில் நான் விருந்தாளியாக நின்றேன். அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி உண்டா?

இன்னொன்றும் நீ எழுதவில்லை. அவள் உன்னிடம் பேசியதையெல்லாம் எழுதினாய். உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாள் என்று மட்டும் எழுதவில்லை. நடுவில் ஒன்றுமில்லை என்றேனே, ஒன்றே ஒன்று இருக்கிறது. யாரோ என்னைக் கையைப் பிடித்து உன் பட்டறைக்குக் கூட்டிவருகிறார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஒரு குழந்தை "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவருகிறது. நான் இரண்டு கையையும் நீட்டுகிறேன். அது என்னைத் தாண்டிக்கொண்டு உன்னிடம் ஓடுகிறது. இது நடந்ததா, மருந்து மயக்கத்தில் நானாகக் கண்டதா? உனக்குத்தான் தெரியும்.

இதற்குமேல் எழுத முடியவில்லை.

தங்கை

*

டிசம்பர் 8

சின்னவளே, என் கண்ணே,

உன் கடிதத்தைப் பட்டறையில் வைத்துப் பிரித்தேன். அன்றைக்கு ஒரு சீட்டும் தைக்கவில்லை. சாப்பிட்டாயா? தூங்குகிறாயா? அதை முதலில் எழுது.

கரண்ட் வைத்த விஷயம் எனக்கு உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். "ஓய்வில் இருக்கா, பார்க்க வர வேணாம்" என்றுதான் உன் மாமியார் வீட்டில் சொன்னார்கள். உனக்காக ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது யார்? கூட இருந்தது யார்? ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனசு உடைந்துபோனால் அது வீட்டுக்கு அவமானமா? மஞ்சள் காமாலை வந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லி மருந்து கேட்டிருப்பார்கள். வெளியில் தெரிந்தால் நாளைக்குப் பேத்திக்கு வரன் வராது என்று மூடினார்களாம், இப்போதுதான் விசாரித்தேன். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் வரனுக்காகப் பெற்றவளை மறைத்தார்கள், வளர்த்தவளையும் மறைத்தார்கள். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு ரெக்ஸினைக் கையாலேயே கிழிப்பேன்.

பாலை வடிகட்டினது தப்பு. இனி உன் வீட்டில் நீ ஊற்றினால் ஆடையோடு குடிப்பேன், நான்.

என் சரக்கு என்றாய். அதையெல்லாம் நான் பூட்டி வைத்து என்ன செய்ய? அவளைப் பற்றி எனக்கு நினைவு வருகிறதையெல்லாம் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நீ படி, பிடித்ததை எடுத்துக்கொள், உன் வாயால் அவளுக்குச் சொல். பெரியம்மா சொன்னாள் என்று சொல்லு, சொல்லாமல் போ, உன் இஷ்டம். ஆனால் நீ எங்கே இருந்தாய் என்பதை மறைக்காதே. அதில் நீ வெட்கப்பட எதுவுமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் வேறு.

குளிர் ஆரம்பித்துவிட்டது. காதை மூடிக்கொண்டு போ.

உன் அக்கா

*

ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

தூங்குகிறேன், சாப்பிடுகிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. புரிந்துகொண்டேன்.

சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது ஆரம்பித்தேன். முகத்தைப் பார்க்க வேண்டாம் பார், அதனால் வந்தது. செருப்பு கதையில் தொடங்கினேன். அவர் டீவி சத்தத்தைக் கூட்டினார். நானும் குரலைக் கூட்டிக்கொண்டு பேசினேன்.

"அப்போ நீ எங்கம்மா இருந்தே?"

"ஆஸ்பத்திரில."

"காலு உடைஞ்சுதா?"

"மனசு சரியில்லாம போச்சு. உன்னைத் தூக்கக்கூட முடியாம."

என் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோய் டீவிக்கு முன்னால் நின்றுகொண்டு, "கேமரா நிஜமாவே ரிப்பேராப்பா?" என்று கேட்டாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மறுநாள் அலுவலகத்திலிருந்து வரும்போது ஒரு கவரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நீ அனுப்பிய படங்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. கிழித்துப் போட அவருக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. "பயந்துட்டேன்" என்றார் என்னிடம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் கேட்பேன்.

இப்போது தினமும் படங்களைப் பரப்பிக்கொண்டு கதை கேட்கிறாள். அதில் ஒரு சங்கடம். எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்கிறாள். வகுப்பிலும் சொல்லியிருக்கிறாள். பெரியம்மா மிஷினில் தைப்பார்களாம், அவள் மேஜைக்கடியில் இருப்பாளாம், பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்து நூல் வெட்டுவேனாம். என் புடவைக் கலர்கூடச் சொல்கிறாள்! நான் அப்படிச் சொல்லவே இல்லை. நீ எழுதினதிலும் இல்லை. அவளாகவே என்னைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்துவிட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. அது நீ இருந்த இடம். நீதான் சொல்ல வேண்டும்.

அவள் எழுதியது இதோடு இருக்கிறது.

உன் தங்கை

*

அன்புள்ள பெரியம்மா,

நான் நலம் நீங்கள் நலமா. எனக்கு சளி பிடித்திருக்கிறது. எனக்கு சின்ன வயசு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் தைப்பீர்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து நூல் வெட்டுவாள். அம்மா பச்சை புடவை கட்டியிருப்பாள். கரெக்டா? நான் உங்களை என்ன சொல்லி கூப்பிடுவேன் அது மட்டும் ஞாபகம் வரவில்லை. எதிர்வீட்டு பையனை நான் அடித்துவிட்டேன். இனிமேல் நீங்கள் வண்டு என்று கூப்பிடலாம்.

இப்படிக்கு,
வண்டு

*

பிப்ரவரி 3

அன்புள்ள வண்டுவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். சளி போயிற்றா? நான் சௌக்கியம். எதிர்வீட்டுப் பையனை அடித்தது தப்பு. ரொம்ப பலமாகவா அடித்தாய்?

உன் கடிதத்தை மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். மூக்கை உறிஞ்சிவிட்டு, தூசி என்றார்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் சரியில்லை. உனக்குப் பொய் சொல்ல மாட்டேன், அதனால் சொல்கிறேன். என் பக்கத்தில் நாற்காலி கிடையாது. நானே கவிழ்த்துப் போட்ட டிரம்மில் உட்கார்ந்துதான் தைக்கிறேன். உன் அம்மா அங்கே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தாள். உன்னை வேண்டாம் என்று போனவள் இல்லை. எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். எழுந்து வர முடிந்ததும் உன்னிடம் வந்தாள்.

நீ பொய் எழுதினாய் என்று நான் சொல்லவில்லை. மனசு அப்படித்தான். கண்ணால் பார்த்தது, அடுத்தவர் சொன்னது, இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று ஆசைப்பட்டது, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துவிடும். பிறகு மூட்டுவாய் எங்கே இருக்கிறது என்று தைத்தவளுக்கே தெரியாது. பெரியவர்களுக்கும் இதே கதைதான். பச்சைப் புடவை உன் கண்ணுக்குள் தெரிகிறது என்றால் தெரியட்டும், யாரும் அதைப் பிடுங்க மாட்டார்கள். அதை அங்கே கொண்டுபோய் வைத்தது நீ என்பது மட்டும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கு அந்த பஸ்ஸில் தெரிந்ததில்லையா?

என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறாய். அதை உன் அம்மா சொல்லுவாள். அவள் சொல்கிற வரைக்கும் பெரியம்மா என்றே கூப்பிடு. எனக்கு அதுவே நன்றாக இருக்கிறது.

நிறைய முத்தங்களுடன்,
பெரியம்மா

*

பிப்ரவரி 12

சின்னவளுக்கு,

வண்டுவுக்கு எழுதிய கடிதம் இதற்குள் வந்து சேர்ந்திருக்கும்.

நீ அங்கே இல்லை என்றே அவளுக்கு எழுதிவிட்டேன். உன்னை ஒரு வரியில் அங்கே உட்கார வைப்பதற்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? எல்லோருக்கும் நல்லதாகத்தான் இருந்திருக்கும். உன் மாமனார், மாமியார், மாப்பிள்ளை எல்லோரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள், அந்தப் பொய்யையெல்லாம். இன்னொன்றை நானும் சேர்க்க மாட்டேன். கோபம் வந்தால் பட்டுக்கொள்.

அந்தக் கவரை ஒட்டிவிட்டுப் போய் மேஸ்திரியிடம் ஒரு நாற்காலி கேட்டேன்.

"எதுக்கு? இங்க மனுஷன் நிக்கவே எடமில்ல."

"என் தங்கச்சி உக்கார."

"எப்போ வர்றாங்க?"

"வரும்போது வருவா. நீ எடத்தை ஒழிச்சுக் குடு."

முனகிக்கொண்டே ஃபோம் அடுக்கை நகர்த்திக் கொடுத்தார். கழித்துப்போட்ட பஸ் சீட் ஒன்றை எடுத்து வெல்டரிடம் கால் வைக்கச் சொன்னேன். ரெக்ஸின் நான் போட்டேன். பச்சைதான். நல்ல பச்சை கடையில் இல்லை, சண்டை போட்டு வரவழைத்தேன். மேஜைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன், போகிறவன் வருகிறவனெல்லாம் முழங்காலில் இடித்துக்கொண்டு என்னைத் திட்டுகிறான். திட்டட்டும்.

கோடை லீவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வா. மாப்பிள்ளையும் வருவதானால் வரட்டும், அவருக்கு டிரம் இருக்கிறது. உன்னைச் சும்மா உட்கார வைக்க மாட்டேன், வெட்ட வேண்டிய நூல் மலைபோல் கிடக்கிறது.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அது அவ்வளவு சீக்கிரம் போகிற கோபமும் இல்லை. ஸ்டேஷனுக்கு அதோடுதான் வருவேன். பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன், உன்னால் ஆகாது.

உன் அக்கா